ஒரு வழியாவது பகலில் போங்கள்

பங்குனி போய்ச் சித்திரை பிறந்துவிட்டால் வீட்டுக்கு வீடு ஒரே பேச்சுதான்: "இந்த வருஷம் லீவுக்கு எங்கே போகிறோம்?" குழந்தைகள் ஊட்டி என்கிறார்கள். வீட்டு அம்மாள் பிறந்த ஊர் என்கிறாள். பாட்டி ராமேசுவரம் என்கிறாள். குடும்பத் தலைவரோ சட்டைப் பையைத் தடவிப் பார்த்துக்கொண்டு, "யோசிக்கலாம்" என்கிறார். இந்த நான்கு கட்சிகளுக்கும் சமரசம் செய்து வைக்கும் சாமர்த்தியம் நமக்கு இல்லை. எங்கே போவது என்பதைக் குடும்ப மகாசபையே தீர்மானித்துக்கொள்ளட்டும். எப்படிப் போவது என்பதைப் பற்றித்தான் நேயர்களிடம் ஒரு வார்த்தை சொல்ல விரும்புகிறோம். போகும்போதோ வரும்போதோ, ஒரு வழியாவது பகல் வண்டியில் போங்கள்.

இப்போதெல்லாம் நம்மவர் பிரயாணம் பெரும்பாலும் இரவில்தான். இரவில் ஏறிப் படுத்தால் காலையில் ஊர் வந்துவிடுகிறது, ஒரு பகல் மிச்சம், வெயிலும் இல்லை. இவை நியாயமான காரணங்களே. ஆனால் இதில் ஒரு நஷ்டமும் இருக்கிறது. குழந்தை ஓர் ஊரில் கண்ணை மூடுகிறது. இன்னோர் ஊரில் கண்ணைத் திறக்கிறது. இடையிலே கிடக்கும் ஆறு, வயல், குன்று, சந்தை, சாலை எல்லாம் அதற்கு வெறும் இருட்டு. இரண்டு ஊர்களை அது பார்த்துவிடுகிறது. அவற்றுக்கு நடுவில் இருக்கும் நாட்டைப் பார்ப்பதில்லை.

மதுரையில் இருக்கும் ஒரு குடும்பம் குழந்தைகளுக்குக் கடலைக் காட்டுவதற்காகச் சென்னைக்குக் கிளம்புகிறது என்று வைத்துக்கொள்வோம். வழி 500 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. 1977ஆம் வருஷம் சுதந்திர தினத்தன்று தொடங்கிய வைகை எக்ஸ்பிரஸ் காலையில் மதுரையை விட்டுக் கிளம்பிப் பிற்பகலில் சென்னை சேர்கிறது. அதில் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளக்கூடிய பெட்டியில் இடம் வாங்கிக்கொள்வது உத்தமம். குளிர்சாதனப் பெட்டியிலும் காட்சி தெரியும். ஆனால் காற்றும் மண்வாசனையும் கண்ணாடிக்கு வெளியிலேயே நின்றுவிடும்.

வண்டி கிளம்பிச் சில நிமிஷங்களில் வைகைப் பாலம். அடுத்துச் சோழவந்தான் பக்கத்துத் தென்னந்தோப்புகளும் வெற்றிலைக் கொடிக்கால்களும். இந்த ஊர் வெற்றிலைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பாட்டிக்கு இந்தச் செய்தியைச் சொன்னால் ராமேசுவரத்தை ஒரு நாழிகை மறந்திருப்பாள். வலது பக்கம் சிறுமலை கூடவே வருகிறது. பிறகு திண்டுக்கல், ஊருக்குப் பெயர் கொடுத்த பாறையும் அதன் மேல் கோட்டையும்.

இதற்குள் குழந்தைகளுக்குப் பசி வந்திருக்கும். மிளகாய்ப் பொடியும் நல்லெண்ணெயும் தடவி இலையில் மடித்து வைத்த இட்லியை எடுக்க வேண்டிய சமயம் இதுவே. வீட்டிலே அதே இட்லியைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் பையன் ரயிலில் ஆறு இட்லி சாப்பிட்டுவிட்டு, "இன்னும் இருக்கிறதா?" என்று கேட்பான். இட்லியில் மாறுதல் எதுவும் இல்லை. ஓடுகிற வண்டியில், ஜன்னல் ஓரத்தில், அப்பா அம்மா இருவரும் வேறு வேலை ஒன்றுமில்லாமல் எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள் அல்லவா? அந்த ருசிதான் அது.

மணப்பாறை வந்தால் முறுக்கு. இதற்கும் 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. எனினும் அந்த முறுக்கின் புகழுக்குச் சர்க்கார் அத்தாட்சி தேவைப்பட்டதே இல்லை. ஒரு பொட்டலம் வாங்கினால் எதிர் ஆசனத்துக்காரருக்கும் இரண்டு கொடுக்க வேண்டும் என்பது ரயில் தர்மம். அவர் தம் பையிலிருந்து கடலை மிட்டாயை எடுத்து நீட்டுவார். அரைமணி நேரத்துக்குள் அவர் குழந்தைகளுக்கு மாமாவாகிவிடுவார். முன்பின் தெரியாத மனிதரோடு மரியாதையாகப் பேசப் பழகுவதற்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் எங்கே இருக்கிறது?

திருச்சிராப்பள்ளியைத் தாண்டியதும் குழந்தைகளைச் சற்றுத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் மலைக்கோட்டை. மறுபடி பார்ப்பதற்குள் காவிரிப் பாலம். அப்பால் ஸ்ரீரங்கத்தின் ராஜகோபுரம். பதின்மூன்று நிலைகளோடு 1987இல்தான் அது பூர்த்தியாயிற்று. உடனே கொள்ளிடப் பாலம். இரண்டு நீண்ட பாலங்களுக்கு நடுவே ஒரு தீவு என்பது புத்தகத்தில் படித்தால் மனத்தில் நிற்காது. வண்டிச் சக்கரத்தின் ஓசை பாலத்தின் மேல் மாறுவதைக் காதால் கேட்டவனுக்கு ஆயுள் முழுவதும் மறக்காது.

இங்கேதான் குழந்தை ஒரு கேள்வி கேட்கும்: "காவிரி என்கிறீர்களே, தண்ணீர் எங்கே?" சித்திரை வைகாசியில் பாலத்தின் கீழே பெரும்பாலும் மணலே விரிந்து கிடக்கும். வைகையிலும் அதே கதைதான். கள்ளழகர் ஆற்றில் இறங்குவதற்காக அணையிலிருந்து தண்ணீர் திறந்துவிட வேண்டியிருக்கிறது. மேட்டூர் அணை என்பது என்ன, அது வழக்கமாக ஜூன் 12இல் திறக்கப்படுவது ஏன், ஆற்று மணலை அள்ளிக்கொண்டே போனால் என்ன ஆகும் என்பதையெல்லாம் தகப்பனார் அப்போது சொல்லியாக வேண்டும். தெரியாவிட்டால் வீட்டுக்குப் போய்த் தேடிப் படிக்க வேண்டும். இந்த வழியில் வைகை, காவிரி, கொள்ளிடம், வெள்ளாறு, தென்பெண்ணை, பாலாறு என்று ஆறு ஆறுகள். ஒவ்வொன்றையும் குழந்தை எண்ணட்டும்; எதில் தண்ணீர் இருந்தது, எதில் இல்லை என்று ஒரு சிறு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைக்கட்டும். முப்பது வருஷங்கள் கழித்து இந்த ஆறுகளைக் காப்பதா, கைவிடுவதா என்று தீர்மானிக்கப் போகிறவர்கள் இன்றைக்கு ஜன்னல் ஓரத்துக்குச் சண்டை போடும் இந்தக் குழந்தைகள்தான். கண்ணால் காணாத ஆற்றுக்காக யார் கவலைப்படுவார்கள்?

அரியலூர்ப் பக்கம் வரும்போது சொல்வதற்கு வேறு ஒரு வரலாறு உண்டு. 1956 நவம்பரில் மருதையாற்றுப் பாலம் வெள்ளத்தில் சேதமடைந்து தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் பெரும் விபத்துக்குள்ளாயிற்று. அப்போது ரயில்வே மந்திரியாக இருந்த லால் பகதூர் சாஸ்திரி தாமே பொறுப்பேற்றுக்கொண்டு பதவியைத் துறந்தார். பொறுப்பு என்ற சொல்லுக்கு அர்த்தம் சொல்ல அந்த இடத்தைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது.

மகாத்மா காந்தி 1915இல் தென்னாப்பிரிக்காவிலிருந்து திரும்பியபோது, ஒரு வருஷ காலம் நாட்டைச் சுற்றிப் பார்க்கும்படி கோகலே அவருக்கு ஆலோசனை சொன்னார். காந்தி மூன்றாம் வகுப்பு வண்டிகளில் ஏறி நாட்டைப் பார்த்தார். 1921 செப்டம்பரில் மதுரைக்கு வரும் வழியில் ரயிலில் சக பிரயாணிகளிடம் கதரைப் பற்றிப் பேசினார். கதர் வாங்க எங்களுக்கு வசதி ஏது என்று அவர்கள் சொன்ன பதில் அவர் மனத்தைத் தைத்தது. மதுரையிலேதான் அவர் முழ வேட்டிக்கு மாறினார். ரயில் பெட்டியில் கேட்ட பேச்சு ஒரு தேசத் தலைவரின் உடையையே மாற்றிற்று என்றால், கண்ணையும் காதையும் திறந்து வைத்துக்கொண்டு பிரயாணம் செய்வதன் மகிமையை நாம் விவரிக்க வேண்டியதில்லை.

பகல் பிரயாணத்தில் கஷ்டம் இல்லை என்று நாம் சொல்லவில்லை. பதினொரு மணிக்கு மேல் ஜன்னல் வழியே வருவது தென்றலல்ல. தாராளமாகத் தண்ணீர் வேண்டும். நனைத்துக்கொள்ள ஒரு துண்டு வேண்டும். நடுப்பகலுக்குத் தயிர்சாதமும் மாவடுவும் வேண்டும். கைக்குழந்தையோடும் நோயாளியோடும் போகிறவர்கள் இரவு வண்டியிலேயே போகட்டும். லீவு நாள் குறைவாக உள்ளவர்கள் வரும் வழியை மட்டும் பகலாக வைத்துக்கொள்ளலாம். ஜன்னல் ஓரத்துக்கு முறை வகுப்பதும் அவசியம்: பெரிய ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் ஆள் மாற வேண்டும். இந்தச் சட்டத்துக்குத் தகப்பனாரும் கட்டுப்பட்டவரே. கைப்பேசியைப் பைக்குள் வைக்க வேண்டும் என்ற சட்டத்துக்கு அவர்தாம் முதலில் கட்டுப்பட வேண்டும்.

செங்கற்பட்டைத் தாண்டியதும் தண்டவாளத்தை ஒட்டிக் கொளவாய் ஏரி பளபளக்கும். "இதுதான் கடலா?" என்று கடைக்குட்டி கேட்டால் சிரிக்காதீர்கள். மணல் ஆறுகளைப் பார்த்துக்கொண்டே வந்த குழந்தைக்கு அவ்வளவு தண்ணீர் கடலாகத்தான் தோன்றும். "இல்லை, கண்ணே, கடல் இதைவிடப் பெரிது" என்று மட்டும் சொல்லுங்கள். மீதியை மாலையில் மெரினாவில் அது தானே பார்த்துக்கொள்ளும்.