பரியாரி வீட்டுக்கும் வைத்தியசாலைக்கும் நடுவே

அமெரிக்க மிஷனைச் சேர்ந்த டாக்டர் ஜோன் ஸ்கடர் 1820ஆம் ஆண்டில் பண்டத்தரிப்பில் குடியமர்ந்து நோயாளரைப் பார்க்கத் தொடங்கினார். யாழ்ப்பாணக் குடாநாட்டில் மேலைத்தேய வைத்தியம் காலூன்றிய முதலிடங்களில் இந்த ஊரும் ஒன்று. அதற்காக இப்பகுதி அதுவரை வைத்தியமே அறியாமல் இருந்தது என்றில்லை. அயலில் இருக்கும் சில்லாலை நாட்டு வைத்தியத்துக்குப் பேர்போன ஊர். சனம் முதலில் போனது பரியாரியிடம்தான். 1847இல் வந்த சாமுவேல் கிறீன் இதை நன்றாக விளங்கிக்கொண்டார். மானிப்பாயில் வைத்தியசாலை நடத்திய அவர், மருத்துவ நூல்களைத் தமிழாக்கி, உள்ளூர் இளைஞருக்குத் தமிழிலேயே வைத்தியம் படிப்பித்தார். அந்நிய வைத்தியம் ஊரவர் கைக்கும் வாய்க்கும் வந்த பிறகுதான் ஊரில் நிலைத்தது. உளநோய்க்கு அந்த வாய்ப்புக் கிடைக்கவில்லை. கிறீன் யாழ்ப்பாணத்தை விட்டுப் போன அதே 1873இல் இலங்கையில் உளநோயாளர் பற்றிய கட்டளைச் சட்டம் வந்தது. குணப்படுத்துவதைவிடக் காவலில் வைப்பதிலேயே அந்தச் சட்டத்துக்கு அக்கறை. அதன் நிழலில் வளர்ந்த அங்கொடை வைத்தியசாலையின் பெயர் ஊர்ச் சண்டைகளில் வசையாகிப் போனதில் வியப்பில்லை. உளநலச் சேவை, மக்கள் துன்பத்தை எந்த வழியில் சுமக்கிறார்களோ, உதவி தேடி எந்த வழியில் போகிறார்களோ, அந்த வழியில் போய் நிற்கவேண்டும். மரபுக்குக் காட்டும் மரியாதையாக மட்டும் இதைக் கருதிவிடக்கூடாது. இது இல்லாவிட்டால் சிகிச்சை பலிக்காது.

முதற்காரணம், துன்பம் வைத்தியரிடம் எந்த வேடத்தில் வருகிறது என்பது. மனச்சோர்வு உள்ளவர் கவலையைச் சொல்லிக்கொண்டு வருவார் என்று பாடநூல் எதிர்பார்க்கிறது. நம் வெளிநோயாளர் பிரிவுக்கு வருபவரோ தலையிடி, உடம்பு உளைவு, நெஞ்செரிவு, நித்திரையின்மை, பசியின்மை என்றுதான் தொடங்குவார். இதை அறியாமை என்று தள்ளுவது தவறு. அமெரிக்க உளமருத்துவரும் மானுடவியலாளருமான ஆர்தர் கிளைன்மன் 1980களின் தொடக்கத்தில் சீனாவின் ஹூனான் மாகாணத்தில், நரம்புத் தளர்ச்சி என்று முத்திரை குத்தப்பட்ட 100 பேரை ஆராய்ந்தார். அவர்களில் 87 பேருக்குப் பெரும் மனச்சோர்வு நோய்க்கான இலக்கணம் பொருந்தியது. ஆனால் அவர்கள் முறையிட்டது தலைவலியையும் களைப்பையும். கலாசாரப் புரட்சியைக் கடந்து வந்த அந்த மக்களுக்கு, மனம் கசந்திருக்கிறது என்று வெளிப்படையாகச் சொல்வது அரசியல் ஆபத்து. உடம்பு நோகிறது என்று சொல்வதில் ஆபத்தில்லை. சோதனைச்சாவடிகளுக்கு நடுவே பல ஆண்டுகள் வாழ்ந்த, பண்டத்தரிப்பு அடங்கிய வலிகாமத்து மக்களுக்கு இந்தக் கணக்கை யாரும் விளக்கத் தேவையில்லை. ஆகவே பரசிற்றமோலும் இரத்தப் பரிசோதனையும் எழுதிக்கொடுத்து அனுப்பும் வைத்தியர் நோயைத் தவறவிடுகிறார். ‘உங்களுக்கு இருப்பது தலையிடி இல்லை, மனநோய்’ என்று எடுத்த எடுப்பில் சொல்பவரோ நோயாளியையே தவறவிடுகிறார். தலையிடியை மெய்யென ஏற்று, அது எப்போது தொடங்கியது, அப்போது வீட்டில் என்ன நடந்தது என்று கேட்டுப் போகிறவருக்குத்தான் இரண்டும் கிடைக்கும்.

இரண்டாவது காரணம், வெளியிலிருந்து கொண்டுவரும் அளவுகோல் எதைப் பெரிதாகக் காட்டுகிறது என்பது. 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு நாட்டுக்குள் வந்திறங்கிய பல உதவிக் குழுக்கள், நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடு நோய் ஒன்றையே கண்ணில் வைத்துத் தேடின. போர் முடிந்த 2009இல் யாழ் மாவட்டத்தில் எடுக்கப்பட்டு, 2011இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வெளிவந்த ஆய்வு வேறொரு படத்தைத் தந்தது. மனவடு நோயின் அறிகுறிகள் காணப்பட்டவர்கள் 7 வீதம்; மனச்சோர்வு 22.2 வீதம், பதகளிப்பு 32.6 வீதம். இன்னும் இடம்பெயர்ந்த நிலையிலேயே இருந்தவர்களிடம் மூன்றும் கூடுதலாக இருந்தன. பழைய பயங்கரத்தின் நினைவைவிட, வீடும் காணியும் தொழிலும் உறவும் இல்லாத அன்றாடம் பலரை ஆழமாக வாட்டியது என்று இதை வாசிக்கலாம். யாழ் பல்கலைக்கழக உளமருத்துவப் பேராசிரியராக இருந்த தயா சோமசுந்தரம் பல ஆண்டுகளாக வலியுறுத்தியதும் இதை ஒட்டியதே. போர் தனிமனித மனங்களோடு நிற்காமல் குடும்பத்தையும் ஊரையும் சேர்த்தே காயப்படுத்தியது என்றார் அவர். 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமம் முழுவதும் எழுந்து தென்மராட்சி நோக்கி நடந்தபோது, அயல், கோயில், பள்ளிக்கூடம் எல்லாம் ஒரே இரவில் கலைந்தன. அப்படிக் கலைந்ததை ஒரு நாற்காலியில் ஒருவரை இருத்தி வாரம் ஒரு மணித்தியாலம் பேசி ஒட்டிவிட முடியாது.

சடங்குகளின் இடமும் இங்கேதான் வருகிறது. பண்டத்தரிப்பிலிருந்து அதிக தூரமில்லாத கீரிமலையில் குடாநாட்டுச் சைவர்கள் பலர் அந்தியேட்டி செய்கிறார்கள். இழவு வீட்டுக்கு அயல் திரண்டு வருவது, எட்டுச் செலவு, முப்பத்தோராம் நாள், ஆட்டத் திவசம் என்று படிப்படியாக நகரும் இந்த ஒழுங்கு, துக்கத்துக்கு ஒரு கால அட்டவணை போட்டுக்கொடுக்கிறது. அழுவதற்கும் அழுகையை நிறுத்துவதற்கும் ஊரின் அனுமதி கிடைக்கிறது. காணாமல் ஆக்கப்பட்டவர்களின் குடும்பங்களுக்கு இந்த வழி அடைபட்டுவிட்டது. திவசம் செய்தால் மகன் செத்தான் என்று ஒப்புக்கொண்டதாகும். செய்யாவிட்டால் துக்கத்துக்கு முடிவில்லை. கிழக்கில் மட்டக்களப்புப் பகுதி அம்மன் கோயில்களில், கலை வந்தவர்களிடம் தாய்மார் வாக்குக் கேட்டு நின்றதை மானுடவியலாளர் பற்றிசியா லோறன்ஸ் போர்க்காலத்தில் பதிவு செய்திருக்கிறார். உண்மையைச் சொல்ல அரசும் நீதிமன்றமும் முன்வராத காலத்தில், அந்த வேதனையைப் பலர் முன்னிலையில் சொல்லி அழ ஓர் இடம் தேவைப்பட்டது. யாழ்ப்பாணத்தில் 1987இல் தொடங்கிய சாந்திகம் உளவளத்துணை நிலையமும், சோமசுந்தரமும் சிவயோகனும் தமிழ்ச் சமுதாயத்தின் உளநலம் பற்றி எழுதிய கைநூலும் இந்த அறிவை வைத்தே வேலை செய்தன. நோயாளியின் சமயத்துக்கு ஏற்ற ஒரு திருநாமத்தையோ செபத்தையோ திரும்பத் திரும்பச் சொல்வதைத் தளர்வுப் பயிற்சியாக்கினார்கள். பயிற்சி புதிது, அதன் படிகள் நோயாளிக்குச் சின்ன வயது முதல் பழக்கமானவை.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். உளப்பிளவை நோய் மூளையைப் பற்றிய நோய். அது கொழும்பிலும் லண்டனிலும் பண்டத்தரிப்பிலும் ஒன்றுதானே, மருந்துக்கு எதற்குப் பண்பாடு? மருந்துக்குத் தேவையில்லை என்பது உண்மை. மருந்து வரை வந்து சேரவும், வந்தபின் அதை விடாமல் எடுக்கவும் அது தேவை. நூல் கட்டி, தண்ணீர் ஓதி, செய்வினை எடுத்து, கழிப்புக் கழித்து, எல்லாம் முடிந்த பிறகே பலர் உளநோய் விடுதிக்கு வருகிறார்கள். அந்தத் தாமதம் நோயை முற்றவைக்கிறது. பூசாரியைப் பழிப்பதால் தாமதம் குறையாது, போனதை மறைக்கும் பழக்கம்தான் கூடும். தமிழ்நாட்டின் வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசுவாமி கோயிலில் தங்கிய 31 பேரை ரகுராமும் மற்றவர்களும் ஆராய்ந்து 2002இல் பிரித்தானிய மருத்துவ இதழில் எழுதினார்கள். சராசரி ஆறு வாரத் தங்கலில் நோய்க்குறி அளவு ஏறக்குறைய 20 வீதம் குறைந்திருந்தது. ஒப்பிடுவதற்கு வேறொரு குழு இல்லாத சிறிய ஆய்வு இது. மருந்துக்குப் பதில் கோயில் போதும் என்று இதிலிருந்து யாரும் சொல்ல முடியாது. அங்கே பெரிய சடங்கு எதுவும் நடக்கவில்லை, மிரட்டலும் இல்லை. உறவினரோடு தங்கி, சின்னச்சின்ன வேலைகளில் சேர்ந்து, மனிதராக மதிக்கப்பட்டார்கள். நம் விடுதிகள் கடன்வாங்க வேண்டியது இதைத்தான்.

இன்னும் கடுமையான மறுப்பை, தர்காவை நம்பி உளநோயாளரை அழைத்துவரும் தமிழ்நாட்டு ஊரான ஏர்வாடி எழுப்புகிறது. 2001 ஆகஸ்ட் 6ஆம் திகதி அங்கே தனியார் நடத்திய காப்பகம் ஒன்றில் தீப்பற்றியபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் தப்பியோட முடியாமல் கருகினார்கள். நம்பிக்கையின் பெயரால் எதையும் விட்டுவைக்கலாம் என்பவர்களுக்கு இதைவிடப் பெரிய பதில் வேண்டியதில்லை. குடும்பம் பற்றியும் இதே எச்சரிக்கை பொருந்தும். ஆசியச் சமூகங்களில் குடும்பமே முதல் தாதி என்று புகழ்வது எளிது. தங்கையின் கலியாணம் குழம்பிவிடும் என்று மூத்தவளின் நோயை மறைப்பதும், கைம்பெண்ணை நல்ல காரியங்களிலிருந்து ஒதுக்கி வைப்பதும், சாதி பார்த்து உதவியை மறுப்பதும் அதே குடும்பங்களும் ஊர்களும்தான். பல வேளைகளில் பண்பாடே நோய்க்குக் காரணமாகவும் இருக்கிறது. அப்படியானால் பண்பாட்டை அறிந்த சேவை அதற்குப் பணிந்துபோகாது. கோயிலுக்குப் போகலாம், மருந்தை நிறுத்தக்கூடாது. வேண்டுதல் வைக்கலாம், கட்டிவைக்கவோ அடிக்கவோ கூடாது. தாய் தகப்பனோடு பேசவேண்டும், நோயாளியோடு தனியாகவும் பேசவேண்டும். இரண்டும் முரண்பட்டால் நோயாளியின் சொல்லே மேல். ஊரின் கதை தெரிந்தவரால்தான் இந்த எல்லைகளை ஊர் கேட்கும்படி சொல்ல முடியும்.

கடைசி மறுப்பு கையிருப்புப் பற்றியது: உளமருத்துவர்களே அரிதாக இருக்கும் நாட்டில் இது எல்லாம் யாரால் ஆகும்? கோவாவில் விக்ரம் பட்டேல் குழுவினர் செய்து 2010இல் லான்செட் இதழில் வெளியிட்ட ஆய்வு இதற்கு வழி காட்டுகிறது. மருத்துவப் பின்னணி இல்லாத உள்ளூர் ஆட்களுக்கு உளவளத்துணையில் பயிற்சி கொடுத்து, ஆரம்ப சுகாதார நிலையங்களில் வைத்தியரோடு சேர்ந்து வேலை செய்யவிட்டார்கள். ஆறு மாதத்தில் அரசு நிலையங்களில் குணமடைந்தோர் 65.9 வீதம், வழக்கமான சிகிச்சை மட்டும் கிடைத்த இடங்களில் 42.5 வீதம். தனியார் வைத்தியர்களிடம் இந்த வித்தியாசம் தெரியவில்லை. குடும்பத்தை அறிந்த வைத்தியரிடம் அந்த நெருக்கம் முன்பே இருந்திருக்கலாம். பண்டத்தரிப்பில் இதற்குக் கட்டடம் எழுப்பத் தேவையில்லை. தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையில் உளநோய்ப் பிரிவு இருக்கிறது. வீட்டுக்கு வீடு போகும் குடும்பநல உத்தியோகத்தர் இருக்கிறார். கோயிலும் தேவாலயமும் பரியாரியும் இருக்கிறார்கள். இவர்களை ஒருவருக்கொருவர் தெரிந்தவர்களாக்க வேண்டும். எந்த அறிகுறி கண்டால் உடனே அனுப்பவேண்டும் என்று பூசாரிக்கும் பாதிரியாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டும். அப்படி அனுப்பப்பட்டு வருபவரை ‘இவ்வளவு நாள் எங்கே திரிந்தாய்’ என்று ஏசாத கிளினிக் வேண்டும். காவலை முன்வைக்கும் 1873ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் நோயாளியின் உரிமையை முன்வைக்கும் சட்டம் வேண்டும். முதல் மூன்றையும் வலிகாமத்திலேயே தொடங்கலாம். நான்காவதைக் கொழும்பிடம் கேட்டு வாங்க வேண்டும்.