மைக் செட் இரைகிறதா? எர்த் பின்னைக் கழற்றாதீர்கள்!

திருவிழாப் பந்தலில் ஒலிபெருக்கி "ம்ம்ம்" என்று ஓயாமல் முனகும். மைக் செட்காரர் ஒயர்களை ஆட்டிப் பார்ப்பார். கடைசியில் ஆம்ப்ளிஃபயர் பிளக்கின் எர்த் இணைப்பைக் கழற்றிவிடுவார். முனகல் நின்றுவிடும். "எர்த்தில்தான் கோளாறு" என்று வெற்றியோடு சொல்வார். கோளாறு வேறிடத்தில். அவர் கழற்றியதோ உயிர்க்காப்பு!

பாட்டுப் போடும் பெட்டி கோயில் பிளக்கில் இருக்கும். ஆம்ப்ளிஃபயர் தெருக்கோடி வீட்டுப் பிளக்கில். இரண்டு எர்த்துக்கும் மின்னழுத்தம் ஒன்றாக இருப்பதில்லை. வேறுபாடு சிறிதுதான். ஆயினும் இரு பெட்டிகளையும் இணைக்கும் ஷீல்டு ஒயர் வழியே மின்சாரம் ஓடப் போதும். வினாடிக்கு 50 சைக்கிள் கொண்ட நம் மின்சாரம் பாட்டோடு கலந்து முனகுகிறது.

வடகரப்பதி, கொழிஞ்சாம்பாறைப் பக்கம் மழை குறைவு. காய்ந்த மண்ணில் எர்த் குழியின் தடை ஏறிவிடும். அருகில் போர்வெல் மோட்டார் ஒன்று மின்சாரத்தைக் கசியவிட்டால் வேறுபாடு இன்னும் கூடும்.

இந்தத் தொல்லை பழையது. 1838-ல் ஜெர்மானியரான ஸ்டைன்ஹைல், தந்திக்கு ஒரே கம்பி போதும், திரும்பும் வழிக்குப் பூமியே உண்டு என்று காட்டினார். ஆரம்பத் தொலைபேசிகளும் அப்படியே ஓடின. மின்சார டிராம்கள் வந்ததும் அதே பூமி வழியாகக் காதைக் குடையும் இரைச்சல் வந்தது. இரண்டு கம்பிகளை முறுக்கி ஓட்டும் முறைக்கு கிரகாம் பெல் 1881-ல் காப்புரிமை பெற்றார். இரு கம்பியிலும் இரைச்சல் சமமாக ஏறி ஒன்றையொன்று தள்ளுபடி செய்துவிடும். நம் பக்கத்துக் கஞ்சிக்கோட்டில் 1976-ல் தொடங்கிய ஐ.டி.ஐ. தொழிற்சாலை தொலைபேசி எக்ஸ்சேஞ்சுகளுக்கான கருவிகளைச் செய்தது. அத்தகைய எலெக்ட்ரானிக் சர்க்யூட்டுகளிலும் அதிக மின்சாரம் திரும்பும் பாதையையும் மெல்லிய சிக்னல் திரும்பும் பாதையையும் தனித்தனியே ஓட்டி, ஓரிடத்தில் மட்டும் சேர்ப்பது வழக்கம்.

பந்தலிலும் அதே வழிதான். எல்லாப் பெட்டிகளுக்கும் ஒரே போர்டிலிருந்து மின்சாரம் எடுங்கள். முடியாவிட்டால் பாட்டு வரும் ஒயரின் நடுவே சிறிய ஆடியோ டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றை வையுங்கள். ஷீல்டை ஒரு முனையில் மட்டும் இணைத்தால் பாட்டு காந்தப்புலத்தால் கடந்து போகும். எர்த் இணைப்பு துண்டாகிவிடும்.

எர்த் இல்லாத ஆம்ப்ளிஃபயருக்குள் ஒரு ஒயர் உரிந்து உடலைத் தொட்டால் 230 வோல்ட்டும் பெட்டியில் ஏறும். மைக்கின் உலோக உடலும் ஷீல்டு வழியே அந்தப் பெட்டியோடு சேர்ந்ததே. அதைப் பிடித்திருப்பவர் ஈரத் தரையில் வெறுங்காலுடன் நிற்கும் பாடகர். கோடையில் எர்த் குழிக்கு இரண்டு குடம் தண்ணீர் ஊற்றுவது பழைய ஒயர்மேன்களின் வழக்கம். அதையாவது கொடியேற்றத்துக்கு முந்தைய நாளே செய்துவிடலாம்.