சாக்கடைப் பாசன நீரில் கிருமிகளைக் கொல்லுதல்: நன்மையும் தீமையும்

பட்டணத்துச் சாக்கடை நீரைத் தெளியவைத்துச் சுத்தி செய்து வயல்களுக்குப் பாய்ச்சும் வழக்கம் பல தேசங்களில் உண்டு. அந்நீரில் தழைச்சத்தும் மணிச்சத்தும் இருப்பதால் பயிர் செழிக்கிறது. கோடையிலும் அது வற்றுவதில்லை. ஆயினும், பார்வைக்குத் தெளிந்த நீரிலும் நோய்க் கிருமிகள் தங்கியிருக்கும். அவற்றைக் குளோரின் முதலிய மருந்துகளால் கொல்வதன் பலாபலன்களைக் குடியானவர்கள் அறிந்திருத்தல் நலம்.

இதன் அவசியத்திற்குச் சிலி தேசம் ஓர் உதாரணமாகும். அதன் தலைநகரான சாந்தியாகோவின் சுற்றுப்புறங்களில், சுத்தி செய்யாத சாக்கடை கலந்த ஆற்று நீரைக் காய்கறித் தோட்டங்களுக்குப் பாய்ச்சி வந்தனர். நகரத்துக் குடிநீர் நல்லதாயிருந்தும், 1980-ஆம் ஆண்டுகளில் அங்கே டைபாய்டு காய்ச்சல் மிகுந்திருந்தது. 1991-ல் காலரா பரவியபோது, பச்சையாகத் தின்னும் காய்கறிகளுக்கு அந்நீர் பாய்ச்சுவது தடுக்கப்பட்டது. அதன்பின் டைபாய்டும் வெகுவாகக் குறைந்தது.

நன்மை: டைபாய்டு, காலரா ஆகிய நோய்களின் கிருமிகளைக் குளோரின் எளிதில் கொல்லும், செலவும் சொற்பம்.

தீமைகளும் குறைகளும்:

1. உருளைப் புழுவின் முட்டை தடித்த ஓடுடையது. வழக்கமாகச் சேர்க்கும் குளோரினால் அது சாவதில்லை. நீரைக் குட்டைகளில் பல நாள் தேக்கினால் அடியில் படிந்துவிடும். பாசன நீரில் லிட்டருக்கு 1 முட்டைக்கு மேல் இருக்கலாகாதென்று உலக சுகாதார நிறுவனம் 1989-ல் விதித்தது.

2. கலங்கல் நீரில் மருந்தின் பெரும்பகுதி அழுக்குடன் சேர்ந்து வீணாகும். அச்சேர்க்கையால் குளோரோபாரம் போன்ற கெடுதலான பொருள்கள் உண்டாவதை ஹாலந்து தேசத்து ரசாயன நிபுணர் ரூக் 1974-ல் வெளியிட்டார்.

3. நீரில் எஞ்சும் குளோரின் சொற்ப அளவிலும் மீன்களைக் கொல்லும். மிகுந்தால் பயிரின் இலையும் கருகும்.

4. உப்பையும் ஈயம் போன்ற உலோகங்களையும் குளோரின் நீக்காது.

புற ஊதாக் கதிர் பாய்ச்சும் முறையில் மருந்து எஞ்சுவதில்லை. ஆனால் நீர் நன்கு தெளிந்திருக்க வேண்டும், மின்சாரமும் வேண்டும். புழு முட்டைக்கு அதுவும் போதாது.

ஆகையால், முதலில் தெளியவைத்தல், பிறகு தேக்குதல், கடைசியில் அளவறிந்து மருந்திடுதல் என்பதே தக்க வரிசையாகும். மருந்திட்ட நீரை உடனே குளங்களில் விடலாகாது. கீரை, வெள்ளரி முதலியவற்றுக்குப் பாய்ச்சுவதைத் தவிர்த்து, தீவனப் புல், பருத்தி, மரப்பயிர்களுக்குப் பாய்ச்சுதல் உத்தமம். தீவனப் புல்லையும் நீர் பாய்ச்சிய ஈரம் உலர்ந்த பிறகே அறுக்க வேண்டும். மடை திருப்புவோர் காலணி அணிவதும், வேலை முடிந்தபின் சோப்பிட்டுக் கைகால் கழுவுவதும் அவசியம். நீரில் மருந்திட்டிருக்கிறது என்ற நம்பிக்கையால் இக்காரியங்களைக் கைவிட்டால், வயல் விளைந்தும் வீட்டில் நோய் தங்கும் என்பதைக் கிராம அதிகாரிகள் குடியானவர்களுக்கு எடுத்துரைப்பார்களாக.