பூச்சிக்கொல்லிகளும் பருத்தி இலையின் இயற்கைச் சேர்மங்களும்

பூச்சிகளையும் களைகளையும் அழிக்கத் தெளிக்கப்படும் மருந்துகள் பயிரின் இலைக்குள்ளும் சென்று, அதன் வளர்ச்சியையும் இயற்கைச் சேர்மங்களையும் மாற்றக்கூடும். விருதுநகர் மாவட்டத்தின் அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரங்களில், கரிசல் நிலத்தில் வடகிழக்குப் பருவமழையை நம்பி மானாவாரியாக விளையும் பருத்தி இதற்கு நல்ல எடுத்துக்காட்டாகும்.

இலையின் இயற்கைப் பாதுகாப்பு

பருத்தி இலையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் சிறு கரும்புள்ளிகள் தெரியும். இவை காசிப்பால் என்னும் நச்சுச் சேர்மத்தைச் சேமிக்கும் சுரப்பிகள். காசிப்பாலும் டானின்களும் இலை தின்னும் புழுக்களிடமிருந்து செடியைக் காக்கின்றன. சுரப்பியற்ற பருத்தி வகைகள் உருவாக்கப்பட்டபோது, வழக்கமான பருத்தியை ஒதுக்கும் பூச்சிகளும் அவற்றைத் தின்றன.

பூச்சிக்கொல்லியின் விளைவு

இமிடாகுளோபிரிட் சாறு உறிஞ்சும் பூச்சிகளுக்கு எதிராக விதை நேர்த்தியிலும் தெளிப்பிலும் பயன்படுகிறது. இது செடிக்குள் பரவும் ஊடுருவு மருந்து. செடியில் சாலிசிலிக் அமிலம் சார்ந்த செயல்களை இது தூண்டுகிறது. அதனால் ஜாஸ்மோனிக் அமிலம் வழியான பாதுகாப்பு தளரலாம். சிலந்திப்பேன் பூச்சியினம் அன்று. இம்மருந்து அதைக் கொல்வதில்லை. மருந்திட்ட பருத்தியில் சிலந்திப்பேன் பெருகியதை ஆய்வுகள் காட்டியுள்ளன. அதை உண்ணும் நன்மை செய்யும் பூச்சிகள் மருந்தால் இறப்பதும் இப்பெருக்கத்துக்குத் துணைபோகும்.

களைக்கொல்லியின் விளைவு

மக்காச்சோளத்தில் அகன்ற இலைக் களைகளை அழிக்கும் 2,4-டி, ஆக்சின் என்னும் வளர்ச்சி ஊக்கியைப் போலச் செயல்படுகிறது. மக்காச்சோளம் இதைத் தாங்கும், பருத்தி தாங்காது. பக்கத்துப் புஞ்சையிலிருந்து காற்றில் வரும் சிறு அளவே பருத்தியின் இளம் இலைகளை விரல்போல் குறுகச் செய்யும். அட்ரசின் ஒளிச்சேர்க்கையைத் தடுக்கிறது. கிளைபோசேட், டானின் போன்ற பினால் சேர்மங்களுக்கு மூலமான அமினோ அமிலங்களின் உற்பத்தியை நிறுத்துகிறது.

வறட்சியில் கூடும் பாதிப்பு

நீரின்றி வாடும் செடியால் உள்ளே சென்ற மருந்தை விரைவில் சிதைக்க முடிவதில்லை. உச்சி வெயிலில் தெளித்தால் துளிகளின் நீர் விரைவில் ஆவியாகி, மருந்து இலைமேல் செறிந்து தங்கும். இலை ஓரம் கருகும், பச்சையம் குறையும். இக்கருகலை நோயென எண்ணி மீண்டும் மருந்து அடிப்பதால் செடி மேலும் நலிகிறது, செலவும் இரட்டிப்பாகிறது.

தவிர்க்கும் முறைகள்

- காலையிலோ மாலையிலோ, காற்று குறைந்த நேரத்தில் தெளித்தல்.
- வாடி நிற்கும் பயிருக்கு மருந்து அடிப்பதைத் தவிர்த்தல்.
- பரிந்துரைத்த அளவை மீறாமை. பல மருந்துகளைக் கண்டபடி கலக்காமை.
- களைக்கொல்லிக்குத் தனித் தெளிப்பான் வைத்திருத்தல். தொட்டியில் தங்கும் மிச்சமே பருத்தியைக் கெடுக்கும்.
- காரணம் தெரியாமல் இலை உருமாறினால், அடுத்த மருந்துக்கு முன் அதை வேளாண் அலுவலரிடமோ, அருப்புக்கோட்டையில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழக மண்டல ஆராய்ச்சி நிலையத்திலோ காட்டுதல்.