நாம் ஊருக்குப் போனால் வாத்தை யார் அடைப்பது?

நாய்க்கு இடம் கிடைத்துவிடுகிறது. சென்னை, கோவை போன்ற ஊர்களில் நாய், பூனைகளை நாள் கணக்கில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் விடுதிகள் வந்துவிட்டன. பணத்தைக் கட்டிவிட்டு ரயில் ஏறலாம். மீன் தொட்டி இரண்டு நாள் தாங்கும். கிளிக்கூண்டை மச்சினி வீட்டு வராந்தாவில் மாட்டிவிடலாம். புறநகரில் ஒரு துண்டுத் தோட்டம் வைத்துக்கொண்டு, அதில் நாலு வாத்தும் வளர்ப்பவர் பாடுதான் திண்டாட்டம். பொங்கலுக்கு ஊருக்குப் போக வேண்டும் என்ற பேச்சு எழுந்ததுமே வீட்டில் யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்: "அதெல்லாம் சரி, வாத்துங்கள யாரு பாத்துக்கிறது?"

பிள்ளைகள் அடம்பிடித்துச் சந்தையில் வாங்கிய மஞ்சள் குஞ்சு இரண்டே மாதத்தில் முழு வாத்தாகிவிடும் என்பதும், நன்றாகப் பார்த்துக்கொண்டால் பத்து வருஷம்கூட இருக்கும் என்பதும் வாங்கும்போது யாருக்கும் நினைவில் இருப்பதில்லை.

தொழிலாக வளர்ப்பவர்களுக்கு இந்தக் கேள்வியே கிடையாது. ஆரணிப் பக்கத்து வாத்து மேய்ப்பர்கள் அறுவடை முடிந்த வயல்களைத் தேடி ஆந்திரம் வரை போகிறார்கள். ஊருக்குப் போக வாத்தை விட்டுவிட்டுப் போவதில்லை; வாத்தோடுதான் ஊர் ஊராகப் போகிறார்கள். இரவில் வலை கட்டிப் பட்டி போட்டுப் பக்கத்திலேயே படுத்துக்கொள்கிறார்கள். காலையில் பட்டிக்குள் கிடக்கும் முட்டைகளைப் பொறுக்கிய பிறகுதான் மேய்ச்சலுக்கு ஓட்டுகிறார்கள். அப்படி ஒரு மந்தை பக்கத்து ஏரியில் இறங்கியிருந்தால், நம்முடைய நாலையும் அதில் சேர்த்துவிட்டால் என்ன என்று தோன்றும். வேண்டாம். வாத்து பிளேக்கும் பறவைக் காய்ச்சலும் மந்தை விட்டு மந்தை தாவுகிற நோய்கள். நம் வாத்து நோயை வாங்கி வரலாம்; அதைவிட மோசம், அவர்கள் பிழைப்பான மந்தைக்கு நோயைக் கொண்டுபோய்க் கொடுக்கலாம். வாத்து அதன் இடத்திலேயே இருக்கட்டும். ஆள்தான் வர வேண்டும்.

எந்த ஆள்? பறவைகள் மேல் பிரியம் உள்ளவர் என்று தேடுவதுதான் வழக்கம். தெருவில் ஒரு கல்லூரி மாணவன் இருப்பான். வாத்தைக் கண்டால் கொஞ்சுவான், படம் எடுப்பான். "பாத்துக்கிட்டாப் போச்சு அங்கிள்" என்பான். அவன் நல்ல பையன்தான். ஆனால் மாலை ஆறு மணிக்கு எங்கே இருப்பான் என்று அவனுக்கே தெரியாது. என் கட்சி இதுதான்: வாத்துக்கு வேண்டியது பிரியமுள்ளவர் அல்ல, பொழுது சாயும்போது தெருவில் இருப்பவர். முனையில் இஸ்திரி வண்டி போட்டிருப்பவர், எதிர்வீட்டுப் பாட்டி, விளக்கு வைத்ததும் வாசலில் உட்கார்ந்து பூக்கட்டுகிற அக்கா. இவர்களில் ஒருவருக்கு வாத்து பிடிக்காவிட்டாலும் பரவாயில்லை.

காரணம், வாத்தின் நாளில் காலை நெகிழ்வானது, மாலை நெகிழவே நெகிழாது. பெரும்பாலான வாத்துகள் விடியற்காலையில் தொடங்கி ஒன்பது மணிக்குள் முட்டையிட்டுவிடும். அதற்குமுன் திறந்துவிட்டால் முட்டை செம்பருத்திப் புதரடியில் போய்விடும். ஆகவே பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, காபி குடித்துவிட்டு நிதானமாக வந்து திறந்தால் போதும். ஒரு மணி நேரம் தாமதமானாலும் குடி முழுகாது. மாலை அப்படியல்ல. இருட்டியதும் மரநாய், தெருநாய் எல்லாம் கிளம்பிவிடும். வாத்து தரையில் படுக்கும் பறவை. கோழி மாதிரி மரக்கிளையில் ஏறித் தப்பிக்காது. மணிலா வாத்து மட்டும் விதிவிலக்கு, அது பறந்து மதிலேறும். 1999-இல் அமெரிக்காவின் இந்தியானா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டு வாத்துகளை வரிசையாகத் தூங்கவிட்டுக் கவனித்தார்கள். வரிசையின் ஓரத்தில் இருந்தவை பாதி மூளையை விழிப்பில் வைத்து, வெளிப்பக்கம் பார்த்த கண்ணைத் திறந்தபடியே தூங்கின. ஓர இடத்துக்காரன் காவல்காரன். ஆனால் கண் திறந்திருந்து என்ன பயன், கூண்டுக் கதவு திறந்து கிடந்தால்? கோழிவலையையும் நம்பாதீர்கள், நாய் பல்லால் கிழித்துவிடும். சிறு கண்ணுள்ள வெல்டு மெஷ் அடித்துவிட்டு ஊருக்குப் போங்கள்.

வருகிறவருக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில் பாதி தண்ணீரைப் பற்றியது. குளம் தேவையில்லை, தலை முழுவதும் முங்குகிற ஆழத்துக்கு ஒரு பிளாஸ்டிக் டப் போதும். வாத்து இரண்டு வாய் தின்னும், ஓடிப்போய் அலகை நனைக்கும், மறுபடி தின்னும். தண்ணீர் இல்லாமல் தீவனம் மட்டும் வைத்தால் தொண்டையில் அடைத்துக்கொள்ளும். மூக்குத் துளைகளையும் கண்ணையும் கழுவிக்கொள்வதும் அந்தத் தண்ணீரில்தான். நிரப்பிய பத்தாவது நிமிஷம் டப் சேற்றுக் குழம்பாகிவிடும். புதிதாகப் பார்ப்பவர் பதறிப்போய் நாள் முழுக்கத் தண்ணீர் மாற்றிக்கொண்டே இருப்பார். இல்லை, "இந்த அசிங்கம் நமக்கு ஆகாது" என்று மறுநாள் வராமல் இருந்துவிடுவார். அது அப்படித்தான் இருக்கும், காலை மாலை இரண்டு வேளை மாற்றினால் போதும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கொட்டுகிற தண்ணீரை வாழைக்குப் பாய்ச்சச் சொல்லுங்கள். வாழை இருப்பவரே கேட்டு வாங்கிக்கொள்வார்.

தீவனத்தை ஒரு மூட்டையாகக் காட்டிவிட்டுப் போகக் கூடாது. பெரிய வாத்துக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 150 கிராம். நாள்வாரியாகப் பொட்டலம் கட்டி வைத்துவிட்டால் அன்பு மிகுதியில் அள்ளிப் போடுவதும் இருக்காது, மறதியில் விட்டுப்போவதும் தெரிந்துவிடும். தவிட்டைப் பிசைந்து வைத்தால் நம் வெயிலுக்கு மதியத்துக்குள் புளித்துவிடும். எல்லாவற்றையும்விட முக்கியம், பூசணம் பிடித்த கடலைப் பிண்ணாக்கு கிட்டவே வரக் கூடாது. 1960-இல் இங்கிலாந்தில் வான்கோழிகள் ஒரு லட்சத்துக்கும் மேல் செத்து விழுந்தன. வாத்துக் குஞ்சுகளும் மாண்டன. பிரேசிலிலிருந்து வந்த கடலைப் பிண்ணாக்கில் பூசணம் உண்டாக்கிய அஃப்ளடாக்சின் நஞ்சுதான் காரணம். அந்த நஞ்சுக்கு வாத்துக் குஞ்சு எவ்வளவு சீக்கிரம் பலியாகும் என்றால், நஞ்சு இருக்கிறதா என்று சோதிக்கவே பின்னாளில் அதைத்தான் பயன்படுத்தினார்கள். ஆகவே "வீட்ல பழைய பிண்ணாக்கு கொஞ்சம் கெடக்கு, போடட்டுமா?" என்று அன்பாகக் கேட்பவரிடம் அன்பாகவே மறுத்துவிட வேண்டும். அப்பளமும் ஊறுகாய்ச் சோறும்கூட வேண்டாம், உப்பு ஆகாது.

கிளம்புவதற்கு முந்திய சில மாலைகளில் அவரையே அடைக்கச் சொல்லி, நாம் சும்மா நிற்க வேண்டும். வாத்து புது ஆளைக் கண்டால் கூட்டமாகச் சுவரோரம் ஒதுங்கும். துரத்தினால் இன்னும் கலையும். கையில் நீளக் குச்சியோடு மெதுவாக நடந்து, இரண்டு கையையும் அகல விரித்து ஓட்டினால் தானாகக் கூண்டுக்குள் போகும். இது சொல்லிப் புரிவதில்லை, செய்துதான் வரும்.

அப்புறம், யாரும் பேசக் கூசுகிற ஒரு விஷயம். ஒன்று செத்துப்போனால்? "அக்கா, ஏதாவது ஆயிட்டா மனசுல வெச்சுக்காதீங்க, ஒரு போன் மட்டும் பண்ணுங்க" என்று நாமே முதலில் சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் அந்த அக்கா பயந்துபோய் விஷயத்தை மறைப்பார். நோயாக இருந்தால் மிச்சமும் போகும். கால்நடை நடமாடும் மருத்துவ ஊர்திக்கான 1962 என்ற எண்ணையும் கூண்டுக் கதவிலேயே எழுதி ஒட்டிவிடுங்கள்.

கூலி? பணத்தை நீட்டினால் பாட்டி கோபித்துக்கொள்வார். நாம் இல்லாத நாளில் விழுகிற முட்டை அத்தனையும் பார்த்துக்கொள்பவருக்கு என்பது நல்ல ஏற்பாடு. எதிர்வீடு சைவமாக இருந்தால் இது செல்லாது, ஊரிலிருந்து ஒரு டப்பா அதிரசம் கொண்டுவர வேண்டியதுதான். திரும்பி வந்ததும் ஒரு விஷயத்தில் மட்டும் வாயை அடக்குங்கள். ஆள் மாறி, நேரம் மாறினால் வாத்துகள் சில நாள் முட்டையை நிறுத்திவிடும். தினம் மூன்று இட்டவை ஒன்றுகூட இடாமல் இருக்கும். "என்னக்கா, முட்டையே இல்லையா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டாலும், அக்கா காதில் அது வேறு மாதிரி விழும். அடுத்த பொங்கலுக்கு அவர் வீட்டிலும் எல்லோரும் ஊருக்குப் போகிறார்கள் என்று பதில் வரும்.