வீடு கட்டும்போது பாரம் யார் தலையில்?

அரசும் தனியாரும் பங்காளியாகச் சேர்ந்து கட்டும் வேலைகளில், விலை ஏறினால் நட்டம் யாருக்கு என்பதைத்தான் ஆய்வாளர்கள் முக்கியமாகப் பார்ப்பார்கள். அந்தப் பங்காளி கம்பனியாக இல்லாமல் ஒரு குடும்பமாக இருந்தாலும் கேள்வி அதேதான்.

வன்னியைப் பார்ப்போம். இந்திய வீடமைப்புத் திட்டத்தில் வடக்கின் முதல் 1,000 வீடுகளை ஒப்பந்தக்காரர் கட்டினர். 2012 ஒக்டோபரில் தொடங்கிய அடுத்த கட்டத்தில் பெரும்பாலும் வீட்டுக்காரரே கட்டினர். 550,000 ரூபாய், வேலை முடிய முடியத் தவணையாக அவரவர் வங்கிக் கணக்குக்கே வந்தது. மேசன் பிடிப்பதும் சாமான் வாங்குவதும் அவர்கள் கையில். மணல், சீமெந்து விலை கூடியபோது அந்தப் பாரமும் அவர்களுக்கே, கடன்பட்டவர்களும் உண்டு.

ஆகவே, நம் தோட்டத்துக்கு வீட்டுத்திட்டம் வந்தால் கையெழுத்துப் போடமுன் மூன்று விசயம் கேளுங்க: காணி உறுதி யார் பேரில்? எந்த வேலை முடிந்தால் அடுத்த தவணை? விலை கூடினால் யார் பொறுப்பு? பதிலை எழுத்தில் வாங்கி வைங்க.