பழவேற்காட்டைத் தாண்டும் இரவுச் சாப்பாடு

சென்னை சென்ட்ரலிலிருந்து மாலையில் வடக்கு நோக்கிப் புறப்படும் தொலைதூர ரயில்களில், வண்டி பேசின் பிரிட்ஜைக் கடந்த சிறிது நேரத்திலேயே இரவு உணவுக்கான ஆர்டர் எடுக்கப்பட்டு, பொன்னேரி, கும்மிடிப்பூண்டி, சூலூர்பேட்டை ஆகிய நிலையங்களை அது பெரும்பாலும் நிற்காமல் தாண்டிக்கொண்டிருக்கும் வேளையில் சாப்பாடு பயணிகளின் கைக்கு வந்து சேர்கிறது. இந்தப் பாதைக்குக் கிழக்கே, சில்காவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உப்பங்கழியான பழவேற்காடு ஏரி பரந்து கிடக்கிறது. அதன் தென்பகுதியில் உள்ள கோட்டைக்குப்பம் முதலான மீனவக் குப்பங்களிலிருந்து இறாலும் நண்டும் மடவையும் சந்தைகளுக்குப் போகின்றன. ஆயினும் அருகில் ஓடும் ரயிலின் உணவுப் பட்டியலில் காணப்படுபவை முட்டையும் கோழியும் பனீரும்தான். இதை அலட்சியம் என்று சொல்லி ஒதுக்கிவிட முடியாது. ஓடும் வண்டியில் சோறு போடுவது என்னும் தொழிலின் அமைப்பே இப்படியொரு பட்டியலை உண்டாக்கியிருக்கிறது.

தொடக்க கால ரயில்களில் சாப்பாடு வண்டிக்குள் இல்லை, நிலையத்தில்தான் இருந்தது. கார்டு பயணிகளிடம் ஆர்டர் கேட்டு அடுத்த பெரிய நிலையத்துக்குத் தந்தி அடிக்க, அங்குள்ள சிற்றுண்டிச்சாலையில் இலையோ தட்டோ தயாராக இருக்கும். மேசை நாற்காலிகளுடன் கூடிய உணவுப் பெட்டிகள் பின்னர் இணைக்கப்பட்டபோதும், ஒரு பெட்டியிலிருந்து அடுத்த பெட்டிக்கு நடந்து செல்ல உதவும் மூடிய இணைப்புப் பாதையாகிய வெஸ்டிபூல் எல்லா வண்டிகளிலும் இல்லாததால், சாப்பிட விரும்பியவர் ஒரு நிலையத்தில் இறங்கி உணவுப் பெட்டியில் ஏறி, அடுத்த நிலையம் வரும்வரை அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டியிருந்தது. தென்னிந்தியாவில் இந்த வணிகத்தில் பெயர் பெற்றிருந்தது மவுண்ட் ரோட்டு ஸ்பென்சர் நிறுவனம். அதன் வெள்ளை மேசை விரிப்பு உயர் வகுப்பினருக்கானது. மூன்றாம் வகுப்பில் சென்ற பெருங்கூட்டம் கட்டுச்சோற்றை நம்பியே பயணம் செய்தது. நிலைய உணவகங்களிலோ பிராமணர்க்கு ஓர் இடம், இதரர்க்கு ஓர் இடம் என்ற பிரிவினை இருந்து, பெரியாரும் அவரைச் சார்ந்தோரும் நடத்திய நீண்ட எதிர்ப்புக்குப் பின் 1941-இல்தான் நீக்கப்பட்டது. ரயில் உணவின் வரலாற்றைப் பழைய மெனு அட்டைகளைக் கொண்டு இனிமையாக எழுதுவோர் இந்தப் பக்கத்தைப் பெரும்பாலும் புரட்டுவதில்லை.

விடுதலைக்குப் பிறகு, 1950-களில் துணை ரயில்வே அமைச்சராக இருந்த ஓ. வி. அழகேசன் தலைமையிலான குழு, ரயில்வே துறையே நேரடியாகச் சில இடங்களில் உணவு வழங்கலாம் என்று பரிந்துரைத்தது. உட்கார்ந்து உண்ணும் உணவுப் பெட்டி மெல்ல மறைந்தது; அதன் இடத்தை, சமைப்பதற்கு மட்டுமேயான, சாப்பாட்டைப் பயணியின் இருக்கைக்கே கொண்டுசேர்க்கும் பேன்ட்ரி கார் பிடித்தது. மும்பைக்கும் புணேவுக்கும் இடையே 1930 முதல் ஓடும் டெக்கான் குயின் மட்டுமே, வழக்கமான பயணி வண்டிகளில், மேசையில் அமர்ந்து உண்ணும் வழக்கத்தை இன்னும் விடாமல் வைத்திருக்கிறது. பிறகு 1999-இல் ரயில்வேயின் துணை நிறுவனமான ஐஆர்சிடிசி தோன்றியது. உணவுப் பொறுப்பு 2005-இல் அதற்குப் போய், 2010-இல் ரயில்வேக்குத் திரும்பி, 2017-இல் மறுபடியும் அதனிடமே வந்தது. இந்தக் கைமாற்றங்களால் சாம்பாரின் ருசி மாறியதாகப் பயணிகள் யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

பேன்ட்ரி கார் என்பது ஒரு பக்கம் நடைபாதையும் மறுபக்கம் நீண்ட அடுப்பறையுமாக அமைந்த பெட்டி. துருப்பிடிக்காத எஃகு மேடை, அடுப்புகள், டீக்கும் காபிக்குமான கொதிகலன், குளிர்பெட்டி, சமைத்ததைச் சூடாக வைத்திருக்கும் ஹாட் கேஸ் என்னும் அலமாரி, ஊழியர் முறைவைத்துப் படுத்துக்கொள்ளச் சிறிது இடம் ஆகிய அனைத்தும் ஒரே பெட்டிக்குள் அடங்கிவிட வேண்டும். குலுங்கும் தரையில் நின்றபடி கொதிக்கும் எண்ணெயைக் கையாள்வதும், அலுமினியத் தாள் டப்பாக்களை அடுக்கித் தூக்கிக்கொண்டு, படுத்திருப்பவர் கால் இடிக்காமல் பத்துப் பதினைந்து பெட்டிகளைக் கடப்பதும் லேசான வேலையல்ல. இவற்றையெல்லாம்விடப் பெரிய கவலை தீ. மதுரை நிலையத்தருகே 2023 ஆகஸ்ட் 26 அன்று நின்றிருந்த சுற்றுலாப் பெட்டி ஒன்றில், பயணிகள் விதியை மீறிக் கொண்டுவந்த எரிவாயு சிலிண்டரால் தீப்பற்றி 9 பேர் இறந்தனர். ரயிலில் நெருப்பு எத்தகைய பொருள் என்பதை அது காட்டியது. ஆகவே சமைப்பதை வண்டியிலிருந்து பிரித்து, தரையில் உள்ள பெரிய அடுக்களைகளுக்கு, அதாவது பேஸ் கிச்சன்களுக்கு மாற்றி, வண்டியில் பரிமாறுவதை மட்டும் வைத்துக்கொள்வது என்பதே 2017-ஆம் ஆண்டுக் கொள்கையின் மையக் கருத்தாக இருந்தது.

இந்தப் பிரிப்புதான் மீனைப் பட்டியலுக்கு வெளியே நிறுத்தும் முதல் காரணம். ஓரிடத்தில் சமைத்து, வேறோரிடத்தில் ஏற்றி, இன்னும் சில மணி நேரம் கழித்துப் பரிமாறும் உணவு, கிருமிகள் பெருகாதபடி ஏறத்தாழ 60 பாகை செல்சியசுக்கு மேலேயே சூடாக இருந்தாக வேண்டும். அந்தச் சூட்டில் பனீரும் பருப்பும் கோழிக் குழம்பும் பெரிதாகக் கெட்டுப்போவதில்லை; இறாலோ ரப்பராகிவிடும், மீன் துண்டு உதிர்ந்து குழம்போடு கரைந்துவிடும். புளி ஊற்றிய மீன் குழம்பு மறுநாள்தான் ருசி என்பது கடற்கரையில் பிறந்த யாரும் அறிந்ததே. ஆனால் அந்த ருசி ஆறவிட்டு, கலக்காமல் வைத்த சட்டியில் கூடுவதே தவிர, ஹாட் கேஸில் அன்று. மேல் படுக்கையில் குனிந்து உட்கார்ந்து, மங்கிய விளக்கில் மடவையின் முள்ளை எடுத்துச் சாப்பிடுவதை எண்ணிப் பார்த்தாலே இரண்டாவது காரணம் விளங்கும். மூன்றாவது காரணம் வாசனை: ஜன்னல் திறக்க முடியாத குளிர்சாதனப் பெட்டியில் ஒருவர் மீன் டப்பாவைத் திறந்தால் அந்தப் பெட்டியிலுள்ள அனைவரும் அதில் பங்குபெற வேண்டியிருக்கும்.

இவற்றைவிட ஆழமான காரணம் ஒன்று உண்டு, அது ஏரியின் பக்கம் இருக்கிறது. கோட்டைக்குப்பம் முதலிய குப்பங்களில் வழிவழியாக வழங்கிவரும் ‘பாடு’ முறையின்படி, ஊர்ச் சங்கத்தில் தலைக்கட்டாகச் சேர்ந்தவர்கள் குழுக்களாகப் பிரிந்து, இறால் பிடிக்கும் சுத்து வலையை ஏரியின் எந்த இடத்தில் எப்போது கட்டுவது என்பதைச் சீட்டுப் போட்டு முறைவைத்துக்கொள்கிறார்கள். நல்ல இடம் ஒருவருக்கே நிலைத்துவிடாமல் சுற்றிவருவதற்கான ஏற்பாடு இது. ஆனால் இடத்தைப் பங்கிட முடியுமே ஒழிய, வரத்தைப் பங்கிட முடியாது. முகத்துவாரம் மணல் மூடினாலோ, மழை பொய்த்து உப்பு ஏறினாலோ வலை வெறுமையாகவே வரும். ரயில் சாப்பாட்டு ஒப்பந்தமோ இதற்கு நேர் எதிரானது: 2019 இறுதியில் ரயில்வே வாரியம் அறிவித்த கட்டணத்தின்படி சாதாரண விரைவு வண்டிகளில் சைவச் சாப்பாடு 80 ரூபாய், முட்டைக் குழம்புடன் 90, கோழிக் குழம்புடன் 130, பிரியாணி 350 கிராம். இந்த விலைக்கு, இந்த எடையில், ஆண்டு முழுவதும் ஒரே மாதிரியாகக் கிடைத்தாக வேண்டும். பண்ணைக் கோழி அப்படிக் கிடைக்கும். ஏரி இறால் கிடைக்காது, கிடைத்தாலும் 130 ரூபாய்க்குள் அடங்காது, ஏனெனில் பெரிய இறாலுக்கும் உயிர் நண்டுக்கும் ஏற்றுமதிச் சந்தை காத்திருக்கிறது.

இந்த நிலை பழவேற்காட்டோடு நிற்பதன்று. ஹவுரா செல்லும் வண்டி ஏலூருக்கு அருகே கொல்லேறு ஏரியின் பக்கமாகவும், ராஜமகேந்திரவரத்தில் கோதாவரியின் மேலும், ஒடிசாவில் சில்காவின் கரையோரமாகவும் ஓடுகிறது. நாட்டின் பேர்பெற்ற மீன்வளப் பகுதிகள் அடுத்தடுத்து ஜன்னலுக்கு வெளியே கடக்க, உள்ளே அதே டப்பா அதே மூடியுடன் வந்துகொண்டிருக்கிறது. வட்டார உணவுகளையும் பருவகால உணவுகளையும் சேர்த்துக்கொள்ள ஐஆர்சிடிசிக்கு ரயில்வே வாரியம் 2022 நவம்பரில் அனுமதி அளித்தது நல்ல முடிவுதான். எனினும் எடையும் விலையும் வகுத்துவிட்ட எல்லைக்குள் அந்த அனுமதி சிறுதானிய உணவுக்கும் நீரிழிவு நோயாளிகளுக்கான உணவுக்கும் உதவும் அளவுக்கு மீனுக்கு உதவுமா என்பது ஐயமே.

பயணச்சீட்டின் பிஎன்ஆர் எண்ணைக் கொடுத்து, வழியிலுள்ள ஊர் உணவகத்திலிருந்து இருக்கைக்கே வரவழைத்துக்கொள்ளும் இ-கேட்டரிங் வசதியை ஐஆர்சிடிசி 2014-இல் தொடங்கியது. அந்த ஊரில் மீன் சமைக்கும் உணவகம் ஒன்று பதிவுசெய்திருந்தால் இதன் மூலம் மீனும் வரக்கூடும். ஆனால் மாலை ஏழு மணியளவில் சென்னையை விட்டுக் கிளம்பும் வண்டி, முதல் பெரிய ஊரான நெல்லூரை அடையும்போது இரவு ஒன்பது மணி தாண்டிவிடும். இடையில் வரும் கூடூரில் வண்டி நிற்பது ஓரிரு நிமிடங்களே. ஆதலால் இந்தப் பாதையில் இரவுச் சாப்பாட்டுக்கு மீன் வேண்டும் என்பவர்கள், வீட்டிலோ சென்ட்ரலுக்கு எதிரிலுள்ள ஓட்டல்களிலோ அதை முடித்துக்கொண்டு வண்டி ஏறுவதே நடைமுறை.